கோடிட்ட இடம் நிரம்புகிறது, பத்தி மட்டும் புரிவதில்லை

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புகள் எடுக்கிறேன். டென்ஸ், வாய்ஸ், ஆர்ட்டிகிள் எல்லாவற்றையும் தனித்தனியாக நடத்துகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பாதிப் பேருக்கு மேல் சரியாகவே போடுகிறார்கள். ஆனால் எட்டு வரியில் புதிதாக ஒரு பத்தி கொடுத்தால் அவ்வளவுதான். கேள்வியில் இருக்கும் வார்த்தையைப் பத்தியில் தேடி, அது இருக்கிற வரியை அப்படியே எழுதிவைக்கிறார்கள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். வகுப்பில் நாற்பது பேர். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளும் உண்டு. இலக்கணத்தை முடித்துவிட்டு வாசிப்புக்குப் போகவா, வாசிப்பை முதலில் பிடிக்கவா? தலைமையாசிரியர் தேர்ச்சி சதவீதம் கேட்கிறார், சிலபஸும் முடிக்க வேண்டும். பெயர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம் டீச்சர். கேள்வியில் உள்ள வார்த்தையைத் தேடி வரியைப் பெயர்த்து எழுதுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. பல வகுப்புகளில் அந்த விடைக்கு ஒரு டிக் விழுந்துவிடும், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொள்வோம். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, இந்தத் தமிழ் வாக்கியத்தைப் படியுங்கள்: ‘கிளும்பன் தன் மொடுக்கையைச் சந்தையில் சிறங்கினான்.’ இதற்கு அர்த்தமே கிடையாது, நானே கட்டியது. இப்போது கேள்வி. கிளும்பன் எதைச் சிறங்கினான்? மொடுக்கையை. எங்கே சிறங்கினான்? சந்தையில். இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள். சிறங்குவது என்றால் என்ன என்று மட்டும் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்கள் பிள்ளைகள் செய்வதும் இதுதான். அவர்கள் ஏமாற்றவில்லை. அர்த்தம் புரியாமலே விடை எழுத முடிகிற கேள்விகளை நாம் கேட்கிறோம், அவர்கள் அதற்கு ஏற்ற வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் பிள்ளைகளை மாற்றுவதற்கு முன்னால் கேள்விகளை மாற்ற வேண்டும். அதைக் கீழே காட்டுகிறேன்.

‘இலக்கணம் முதலா, வாசிப்பு முதலா’ என்ற கேள்விக்கு என் பதில், இரண்டையும் ஒரே பத்தியில், ஒரே நேரத்தில் என்பதுதான். இலக்கணத்தை முடித்துவிட்டு வாசிப்புக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. இலக்கணம் என்பது ஒரு வாக்கியத்தில் யார், என்ன செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று கண்டுபிடிக்கிற கருவி. அதை வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்துக் கோடிட்ட இடமாக மட்டும் கொடுத்தால், பிள்ளை ‘எஸ்டர்டே’ என்ற சொல்லைப் பார்த்துப் பாஸ்ட் டென்ஸ் போடக் கற்றுக்கொள்கிறதே தவிர, பாஸ்ட் டென்ஸ் எதற்கு என்று கற்றுக்கொள்வதில்லை. 4 முதல் 12 வரையான வகுப்புகளில் எழுதும் திறனை வளர்ப்பது பற்றி அமெரிக்காவில் கிரஹாம், பெரின் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தனியாக விதி சொல்லி இலக்கணம் நடத்தியதால் மாணவர்களின் எழுத்து தேறவில்லை, சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியம் ஆக்கும் பயிற்சியால் தேறியது என்று அதில் இருக்கிறது. நம் வகுப்பறை வேறு, அவர்கள் வகுப்பறை வேறு என்றாலும், நோட்டு நிறைய விதி எழுதியும் ஒரு பத்தி புரியாத பிள்ளைகளை நான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாற்பது பேருக்கும் ஒரே நோய் இருக்காது. வாசித்துப் புரிந்துகொள்வதற்கு இரண்டு தேவை: எழுத்தைப் பார்த்துச் சொல்லாக வாசிக்கத் தெரிய வேண்டும், அந்த மொழி காதில் விழுந்தால் புரிய வேண்டும். இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் மொத்தமும் பூஜ்யம். கஃப், டன்மர் என்ற இருவர் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். உங்கள் பிள்ளைகளில் யாருக்கு எது குறை என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் பாதிப் பேருக்குப் பலன் இருக்காது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஐந்தாம் வகுப்பு நிலையில் அறுபது எழுபது வார்த்தைகள் உள்ள ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையாக உங்கள் மேசைப் பக்கம் கூப்பிட்டு ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். தினம் நான்கைந்து பேர், மற்றவர்கள் எழுத்து வேலையில் இருக்கும்போது. வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்துக் கேட்க வேண்டாம், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது பெரிய அவமானம், அப்புறம் வாயே திறக்காது. வாசித்து முடித்ததும் இரண்டு கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள். தடுமாறி வாசித்த பிள்ளைக்கு, அதே பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டி மறுபடி கேளுங்கள். நீங்கள் வாசிக்கும்போது புரிகிறது என்றால் அந்தப் பிள்ளைக்குக் குறை எழுத்தில். சரளமாக வாசித்தும் புரியவில்லை என்றால் குறை சொற்களிலும் வாக்கியத்திலும். இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பத்தியைக் கொடுத்து, ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி ஒன்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் வரியைப் பெயர்த்துச் சொன்னால், அங்கே குறை ஆங்கிலத்தில் இல்லை, எந்த மொழியிலும் வாசிக்கும் பழக்கம் இல்லாததுதான் குறை. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் நிறைய வாசிக்கக் கொடுப்பதும் ஆங்கில ஆசிரியரின் வேலைதான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த சிறு புத்தகங்கள் உங்கள் பள்ளியில் இருந்தால் அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள்.

எழுத்துக்கூட்டவே வராத பிள்ளைகளை உடனே அடையாளம் காணலாம். அவர்கள் புத்தகத்தில் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். அதற்காகத் திட்ட வேண்டாம், ஆனால் அந்தப் பென்சில் எழுத்தை நம்பி இருக்கும்வரை ஆங்கில எழுத்து பழகாது. அவர்களுக்குத் தினம் பத்து நிமிடம் தனியாக வேண்டும். தெரிந்த பெயர்களிலிருந்து தொடங்குங்கள். மாரண்டஅள்ளி, காரிமங்கலம், பென்னாகரம், ஓசூர் என்று பஸ் போர்டிலும் தேசிய நெடுஞ்சாலைப் பலகையிலும் ஆங்கிலத்தில் இருப்பதை எழுதிப் போட்டால், ஒலி ஏற்கெனவே தெரியும் என்பதால் எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து மூன்றெழுத்து, நான்கெழுத்து ஆங்கிலச் சொற்களுக்குப் போகலாம்.

சரி, இனி பத்திக்கு வருவோம். பாடப்புத்தகத்துக்குப் போவதற்கு முன் நீங்களே ஒரு பத்தி எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயமாக இருக்கட்டும். தெரியாத விஷயமும் தெரியாத மொழியும் ஒரே நேரத்தில் வந்தால், எதில் சிக்கினார்கள் என்றே நமக்குத் தெரியாது. உங்கள் ஊருக்குத் தக்காளியைவிட நல்ல விஷயம் உண்டா? இதைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

‘எ ஃபார்மர் நியர் பாலக்கோடு டுக் ட்வென்டி கிரேட்ஸ் ஆஃப் டொமேட்டோஸ் டு தி மார்க்கெட். தி பிரைஸ் ஹேட் ஃபாலன், ஸோ தி டிரேடர் ஹூ ஆல்வேஸ் பாட் ஃப்ரம் ஹிம் டுக் ஒன்லி டென். தி ஃபார்மர் டிட் நாட் வான்ட் டு கேரி தி ரெஸ்ட் ஹோம். ஹீ கேவ் தெம் டு எ மேன் ஹூ கெப்ட் கௌஸ்.’

நான்கே வாக்கியம். ‘ஹௌ மெனி கிரேட்ஸ் டிட் தி ஃபார்மர் டேக் டு தி மார்க்கெட்’ என்று கேட்டால் அது கிளும்பன் கேள்வி. முதல் வரியைப் பெயர்த்து எழுதிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள். விவசாயி எத்தனை கிரேட்டை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனார்? அந்தப் பத்து கிரேட் தக்காளியைக் கடைசியில் யார் தின்றிருப்பார்கள்? விலை விழுந்தது அவர் மார்க்கெட்டுக்குப் போன பிறகா, அதற்கு முன்பேவா? மாடு வைத்திருந்தவரும் வழக்கமாக வாங்கும் வியாபாரியும் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா?

இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பத்தியில் நேர் விடை இல்லை. எல்லாவற்றுக்கும் பத்தியில் ஆதாரம் இருக்கிறது. முதல் கேள்விக்குப் பாதி வகுப்பு ‘பத்து’ என்று சொல்லும். ‘கேரி’, ‘ஹோம்’ இரண்டும் கண்ணில் பட்டிருக்கும், ‘டிட் நாட் வான்ட்’ பட்டிருக்காது. நெகட்டிவ் வாக்கியம் எதற்கு என்று நடத்துவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இங்கே அந்த ‘நாட்’ விடையையே தலைகீழாக்குகிறது. இன்னொரு சிலர் ‘ரெஸ்ட்’ என்றதும் விவசாயி ஓய்வெடுத்தார் என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த ‘ரெஸ்ட்’ அதுதான். மீதி என்ற பொருளும் உண்டு என்று சொல்லிவிட்டு, எந்தப் பொருள் வைத்தால் அடுத்த வரி ஒத்துவருகிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

மாடு என்ற விடைக்கு வர, ‘தெம்’ யாரைக் குறிக்கிறது என்று தெரிய வேண்டும். பிரோனவுன் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். ‘தெம்’ என்ற சொல்லிலிருந்து ஓர் அம்பு போட்டு, அது எங்கே போய்ச் சேருகிறதோ அங்கே வட்டம் போடச் சொல்லுங்கள். ‘தெம்’ அம்பு ‘ரெஸ்ட்’ மேல் விழும், அங்கிருந்து தக்காளிக்குப் போகும். ‘ஹிம்’ எங்கே போகிறது, ‘ஹீ’ எங்கே போகிறது என்று எல்லாவற்றுக்கும் அம்பு. பத்தி முழுக்கக் கோடாகிவிடும், ஆகட்டும். எட்டாம் வகுப்பில் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பத்தாம் வகுப்பில் எந்தப் புதுப் பத்தியைக் கொடுத்தாலும் பயம் பாதியாகக் குறையும்.

விலை எப்போது விழுந்தது என்பதற்கு ‘ஹேட் ஃபாலன்’. பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்றதும் பயந்துபோகிற பிள்ளைகளுக்குத் தமிழில் ‘விழுந்தது’, ‘விழுந்திருந்தது’ இரண்டையும் சொல்லிக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அவர் போய்ச் சேரும்போதே விலை விழுந்திருந்தது. இன்னும் உறுதியாக்க ஒரு ஜோடி கொடுங்கள்: ‘வென் வி ரீச்ட் தி பஸ் ஸ்டாண்ட், தி பஸ் லெஃப்ட்’, ‘வென் வி ரீச்ட் தி பஸ் ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் லெஃப்ட்’. எதில் நாம் பஸ்ஸைக் கண்ணால் பார்த்தோம் என்று கேளுங்கள். கிராமத்துக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட அனுபவம் இல்லாத பிள்ளை அந்தப் பக்கம் இருக்காது.

கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்கு விடை ஒரே எழுத்தில் இருக்கிறது. ‘தி டிரேடர்’ என்று ஒருவரைச் சொல்லிவிட்டு, அடுத்து ‘எ மேன்’ என்கிறார்கள். ‘எ’ வந்தால் புது ஆள் கதைக்குள் வருகிறார், ‘தி’ வந்தால் எந்த ஆள் என்று கேட்பவருக்குத் தெரியும். முதல் வரியில் ‘எ ஃபார்மர்’, மூன்றாவது வரியில் ‘தி ஃபார்மர்’ ஆனதையும் காட்டுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆர்ட்டிகிள் என்று தனி வகை இல்லை. அதனால் பிள்ளைகள் அதைக் கண்ணால் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோடிட்ட இடத்தில் ‘எ’யா ‘ஆன்’னா என்று எழுதப் பழக்குகிறோம், வாசிக்கும்போது அது என்ன சொல்கிறது என்று பழக்குவதே இல்லை.

இங்கே வாக்கிய அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பத்தியில் தடுக்கி விழும் இடங்களில் பெரியது இதுதான். ‘நாய் மாட்டைத் துரத்தியது’, ‘மாட்டை நாய் துரத்தியது’. தமிழில் எப்படி மாற்றிப் போட்டாலும் துரத்தியது நாய்தான், ஓடியது மாடுதான். மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐகாரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தெலுங்கும் கன்னடமும் இப்படித்தான் வேற்றுமை உருபை ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அந்த ஒட்டு இல்லை. யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்ற இடம்தான் எல்லாம். ‘தி டாக் சேஸ்ட் தி கவ்’ என்பதில் இரண்டையும் இடம் மாற்றினால் கதையே மாறிவிடும். உருபைத் தேடிப் பழகிய பிள்ளைக்கு இடத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை. தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு, உலகத்தில் எது நடக்கக்கூடியதோ அப்படி ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ‘தி டாக் வாஸ் சேஸ்ட் பை தி கவ்’ என்று எழுதிப் படம் வரையச் சொல்லுங்கள். பலர் நாய் துரத்துவது போலத்தான் வரைவார்கள். அவர்களே ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாகத் தப்பில்லாமல் மாற்றி எழுதியவர்களாக இருப்பார்கள். மாற்றத் தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை. இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு ‘வாஸ்’, ‘பை’ இரண்டும் என்ன வேலை செய்கின்றன என்று கேட்டால், பேசிவ் வாய்ஸ் பாடம் அன்றைக்குத்தான் உண்மையில் தொடங்கும்.

இன்னொரு பெரிய பள்ளம், ‘ஹூ’, ‘விச்’ போட்டு நடுவில் நுழைக்கிற வாக்கியம். தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு ஒன்பதாம் வகுப்பில் நான் உட்கார்ந்திருந்தபோது, டீச்சர் எழுதியிருந்த வரி இது: ‘தி மேன் ஹூ சோல்ட் தி பிளாக் கவ் டு மை அங்கிள் கேம் பேக் எஸ்டர்டே.’ யார் திரும்பி வந்தது? வகுப்பே ஒரே குரலில் ‘அங்கிள்’ என்றது. ‘கேம்’ என்ற வினைக்குப் பக்கத்தில் நிற்பவர் அங்கிள், அதனால் அவரே வந்தவர். முன் வரிசையில் ஒரு பெண் மட்டும், ‘இல்ல மிஸ், மாமாவுக்குக் கறுப்பு மாடு வித்த ஆளு’ என்று மெதுவாகச் சொன்னாள். எப்படித் தெரிந்தது என்று டீச்சர் கேட்டதற்கு, தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன் என்றாள். அவள் செய்ததுதான் சரியான வழி. தமிழில் ‘விற்ற ஆள்’ என்று விளக்கம் முன்னால் வரும், ஆங்கிலத்தில் ஆளுக்குப் பின்னால் வரும். அந்த விளக்கத்தைப் பென்சிலால் அடைப்புக்குள் போடச் சொல்லுங்கள். ‘ஹூ’வில் திறந்து ‘அங்கிளி’ல் மூடினால், வெளியே மிச்சம் நிற்பது ‘தி மேன் கேம் பேக் எஸ்டர்டே’. இந்த அடைப்பு போடும் பழக்கத்தை வாரம் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குச் செய்தால் போதும். பிறகு அதையே திருப்பிப் போடுங்கள்: ‘எ மேன் கெப்ட் கௌஸ். தி ஃபார்மர் கேவ் ஹிம் தி டொமேட்டோஸ்.’ இரண்டையும் ‘ஹூ’ போட்டு ஒன்றாக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன வாக்கிய இணைப்புப் பயிற்சி இதுதான். தாங்களே கட்டிய வாக்கியத்தைப் பிரிக்கப் பிள்ளைகளுக்குப் பயம் இருக்காது.

ஒரு பத்திக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். முதல் நாள் அவர்களே மௌனமாக வாசித்து, மேலே சொன்ன மாதிரிக் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்லட்டும். தமிழில் சொன்னால் ஆங்கிலம் வளராது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புரிந்ததா என்று பார்ப்பது ஒரு வேலை, ஆங்கிலத்தில் எழுதவைப்பது இன்னொரு வேலை. அடுத்த நாள் அம்பும் அடைப்பும். அதற்கடுத்த நாள் அந்தப் பத்தியிலிருந்தே ஒரே ஒரு இலக்கண விஷயம், அது ‘ஹேட்’ என்றால் ‘ஹேட்’ மட்டும். நான்காம் நாள் பத்தியை அழித்துவிட்டு, நீங்கள் சாதாரண வேகத்தில் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை காதில் விழுந்த முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பிறகு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து முழுப் பத்தியையும் மறுபடி கட்ட வேண்டும். கட்டியதை மூலத்தோடு வைத்துப் பார்க்கும்போது ‘டேக்’ எழுதினோம், ‘டுக்’ இருக்கிறது என்றும், ‘எ’யை விட்டுவிட்டோம் என்றும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். பக்கத்துப் பையனோடு அவர்கள் போடுகிற அந்தச் சண்டைதான் இலக்கண வகுப்பு. ஐந்தாம் நாள், அதே அமைப்புகள் வருகிற வேறு ஒரு சின்னப் பத்தி. மாங்காய், பட்டுக்கூடு, போச்சம்பள்ளி சந்தை என்று உங்களுக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

நாற்பது நோட்டையும் வரி வரியாகத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். அந்த வாரம் நடத்திய ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள். முழுப் பக்கமும் சிவப்பானால் பிள்ளை எதையும் பார்க்காது.

இரண்டு பழக்கங்களை நிறுத்தலாம் என்பது என் திடமான கருத்து. ஒன்று, ஆளுக்கு ஒரு வரியாக வகுப்பு முழுக்க வாசிக்கவைப்பது. வாசிக்கிற பிள்ளை உச்சரிப்புப் பயத்தில் இருக்கும், மற்றவர்கள் தன் வரி எது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் கதை தெரியாது. சத்தமாக வாசிக்கவைக்க வேண்டும் என்றால், ஏற்கெனவே புரிந்துகொண்ட பத்தியை ஜோடியாக மூன்று நான்கு முறை வாசிக்கட்டும், சரளம் வரும். இன்னொன்று, பாடத்தை முதலிலேயே தமிழில் முழுக் கதையாகச் சொல்லிவிடுவது. அப்புறம் புத்தகத்தைத் திறக்க அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? கதை நடக்கும் இடம், காலம், தெரியாத நான்கைந்து சொற்கள் இவற்றைத் தமிழில் சொல்லுங்கள். கடற்பறவை பற்றிய பாடம் என்றால் கடலே பார்க்காத பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும். முடிவை மட்டும் அவர்கள் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யார் துணையும் இல்லாமல் ஒரு பத்தி நன்றாகப் புரிய, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-ல் ஓர் ஆய்வில் சொன்னார்கள். உங்கள் எட்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, சராசரிப் பிள்ளை ஒன்றிடம் தெரியாத சொற்களுக்குக் கோடு போடச் சொல்லிப் பாருங்கள். பத்துக்கு இரண்டு மூன்று கோடு விழுந்தால், அந்தப் பக்கத்தை அந்தப் பிள்ளை தனியாக வாசித்துப் புரிந்துகொள்ள வழியே இல்லை. அந்தப் பக்கத்தை நீங்கள் கூட இருந்து வாசிக்கவையுங்கள். தானாக வாசிக்க நான்காம், ஐந்தாம் வகுப்பு நிலைப் பத்திகளைக் கொடுங்கள். ‘அஞ்சாங்கிளாஸ் புக்கா’ என்று கூச்சப்படுவார்கள். அதனால் வகுப்பு எண் தெரியாமல் நகல் எடுத்தோ, தாளில் எழுதியோ கொடுப்பது நல்லது.

வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளைக் குறை உள்ளவர்களாகப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்று சின்ன வயதிலிருந்தே மாறி மாறிப் புழங்குகிறவர்கள் அவர்கள். ‘இதை உங்க வீட்டில் எப்படிச் சொல்வீங்க’ என்று கேளுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பள்ளிகளில் மூன்று நான்கு மொழிகள் ஒரே பெஞ்சில் இருக்கும். வினைச்சொல் எங்கே வருகிறது என்று எல்லா மொழியிலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லவைத்தால், ஆங்கிலத்தில் மட்டும் அது நடுவில் வந்து நிற்பதை அவர்களே கவனிப்பார்கள்.

தலைமையாசிரியர் விஷயம். பத்தாம் வகுப்பில் 35 எடுக்க மனப்பாடமும் லெட்டரும் மேப்பைப் பார்த்து வழி எழுதுவதும் போதும் என்பது உண்மைதான். விளிம்பில் நிற்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எடுப்பது எட்டும் ஒன்பதும். பொதுத்தேர்வு இல்லாத இந்த இரண்டு வருடத்தை விட்டால், பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலையோ வணிகவியலையோ இங்கிலீஷ் மீடியத்தில் எடுக்கிற பிள்ளை, கேள்வியே புரியாமல் நிற்கும். சிலபஸுக்கு ஒரு வழி: ஒவ்வொரு உரைநடைப் பாடத்திலும் இரண்டு பத்திகளை மட்டும் இப்படி ஆழமாக எடுங்கள், மற்றதை வேகமாகக் கொண்டுபோங்கள். பாடத்துக்குப் பின்னால் இருக்கும் இலக்கணப் பயிற்சியில், அந்தப் பத்திகளில் வந்த விஷயத்தை வகுப்பிலும் மீதியை வீட்டுப்பாடமாகவும் வைத்துக்கொள்ளலாம். கோடிட்ட இடங்களை முற்றாக விட வேண்டாம், தேர்வில் வரும், வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் போதும்.

முதலில் எடுத்த ஒரு நிமிட வாசிப்பை ஒரு தாளில் குறித்துவையுங்கள்: யார், எவ்வளவு தடுமாற்றம், எந்தக் கேள்விக்கு விடை சொன்னார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அதே நிலையில் வேறு ஒரு பத்தியை வைத்து மறுபடி எடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துத் தலைமையாசிரியரிடம் காட்டினால் பேச்சு சுலபமாகும். எனக்கும் எழுதுங்கள் டீச்சர். எத்தனை பேர் தேறினார்கள் என்பதோடு, எந்த வாக்கியத்தில் இன்னும் சிக்குகிறார்கள் என்று பிள்ளைகளின் விடையை அப்படியே நான்கைந்து எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.